பாறுகளின் சிறுநீரகமும் வாயும்

இந்தியாவின் வெண்முதுகுப் பாறும் ஸ்பெயினின் கிரிஃபான் பாறும் ஜிப்ஸ் என்ற ஒரே பேரினம். இரண்டுமே செத்த கால்நடைகளைத் தின்று வாழ்பவை. மாட்டுக்கோ பன்றிக்கோ போட்ட ஊசி மருந்து இறைச்சி வழியாக இவற்றின் உடலுக்குள் போகிறது. அந்த மருந்தைக் காட்டிக்கொடுத்த உறுப்பு மட்டும் வேறுவேறு.

தெற்காசியாவில் அது சிறுநீரகம். 1990களில் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது தொற்றுநோய் என்றே பலரும் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த ஆய்வுக்குழு, 2004இல் காரணத்தை வெளியிட்டது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது. யூரிக் அமிலம் ஈரலின்மீதும் இதயத்தின்மீதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இனம் சரியப் போதும் என்று கணக்கிட்டார்கள். 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது.

ஸ்பெயினில் பேசியது வாய். பைத்திய மாட்டு நோய்க்குப் பின் வந்த 2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி, செத்த மாட்டை மேய்ச்சல் வெளியிலேயே விட்டுவிடும் வழக்கத்தை முடக்கியது. பாறுகள் தீனி கொட்டும் இடங்களை நம்பவேண்டி வந்தது. அங்கே கொட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி கொட்டகையில் அடைத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து வளர்த்த பன்றியும் கோழியும். மாட்ரிட் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் கியெர்மோ பிளாங்கோவும் சக ஆய்வாளர்களும் கூட்டிலிருந்த குஞ்சுகளைச் சோதித்தார்கள். இரத்தத்தில் ஆன்டிபயாட்டிக், வாய்க்குள் புண்கள், அவற்றில் கேண்டிடா முதலான ஈஸ்ட் நுண்காளான்கள். பாக்டீரியாவை மருந்து அழித்தால் காலியான இடத்தில் ஈஸ்ட் பெருகும். ஆன்டிபயாட்டிக் நெடுநாள் எடுக்கும் மனிதர் வாயில் வெண்படலம் வருவதும் இப்படித்தான்.

சாட்சியாக எடைபோட்டால் சிறுநீரகமே உறுதியானது. ஒரு மருந்து, ஒரு மரணம். அரசாங்கம் தட்டிக்கழிக்க முடியாது. ஈஸ்ட் அப்படியில்லை. நலமான பறவையின் வாயிலும் அது குடியிருக்கும், ஆகவே இருப்பதே நோயாகாது. எந்தெந்த இனங்கள் சேர்ந்திருக்கின்றன, புண்ணோடு இருக்கின்றனவா, வேறு இரை தின்னும் பறவைகளில் எப்படி என்றெல்லாம் ஒப்பிட்ட பிறகுதான் ஏதாவது சொல்ல முடியும். அப்போதும் குறிப்பிட்ட ஒரு மருந்தின்மேல் குற்றம் சாட்டுவது கடினம். ஆனால் சிறுநீரகம் பேசப் பறவை செத்தாக வேண்டும். வாயைத் துடைத்தெடுக்க ஒரு பஞ்சுக்குச்சி போதும். செத்த பிறகு மருந்து மருந்தாகத் தடுப்பதன் விலையை நாம் கண்டிருக்கிறோம்: பாறுகளுக்குக் கேடான கிட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் இந்தியா தடை செய்தது 2023இல்தான்.

ஸ்பெயினை மெச்சிவிடவும் முடியாது. இந்தியாவில் நடந்ததெல்லாம் தெரிந்தே 2013இல் அங்கே கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் போட அனுமதி கொடுத்தார்கள்; 2020இல் கட்டலோனியாவில் ஒரு கரும்பாறு அதே சிறுநீரகச் செயலிழப்பில் இறந்தது.

அப்படியானால் தமிழ்நாட்டில் பாறுகள் வாழும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் ஈஸ்ட் சோதனை செய்யலாமா? என் கருத்தில், கூடாது. பல்லாயிரம் கிரிஃபான் இருக்கும் நாட்டில் கூட்டுக்கு ஏறிக் குஞ்சைத் தூக்கிப் பார்க்கலாம். இங்கே நீர்மருது மரங்களில் கூடு கட்டும் சொற்பமான பறவைகளிடம் அந்தத் துணிச்சல் ஆகாது. செத்த மாட்டின் ஈரலையும் சுற்றுவட்டார மருந்துக் கடைகளின் அலமாரியையும் சோதிப்பதே நமக்குக் கட்டுப்படியாகும்.