முடக்குவாதமும் கணக்கேடும்

காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்க முடியாமல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளவும் குழாயைத் திருகவும் பிறர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் துன்பத்தைப் பவுண்டுக் கணக்கில் எழுதுவது, முதன்முதல் கேட்போருக்குக் கொடுமையாகவே தோன்றும். ஆயினும் இங்கிலாந்து தேசம் கடந்த கால் நூற்றாண்டாக அந்தக் காரியத்தைப் பகிரங்கமாகச் செய்துவந்திருக்கிறது; அதன் சரித்திரத்தை நிதானமாகப் பார்த்தால், அதில் கருணை குறைந்திருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முடக்குவாதத்துக்கு நெடுங்காலம் வழங்கிவந்த ஔஷதங்களைப் பற்றி இத்தகைய விசாரம் எழவில்லை. அவை பெரும்பாலும் மலிவானவை, பலனும் அளவுக்குட்பட்டதே. 1929இல் பிரெஞ்சு வைத்தியர் ஷாக் ஃபொரெஸ்தியே தங்க உப்பைச் சிபாரிசு செய்தார்; 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் கார்ட்டிசோனைக் கொடுத்து, படுக்கையில் கிடந்தவர்களை நடக்கவைத்து, 1950இல் நோபெல் பரிசும் பெற்றார்; ஆனால் அம்மருந்தின் பக்கவிளைவுகள் அந்தப் பிரமிப்பை விரைவிலேயே தணித்துவிட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்தில் தலைமையேற்று நடத்திய ஆராய்ச்சியில் 1940களின் பிற்பகுதியில் உருவான மெத்தோட்ரெக்ஸேட், புற்றுநோய்க்கென்று தோன்றி, பிற்பாடு வாரம் ஒருமுறை சிறு அளவில் கொடுக்கப்பட்டு, முடக்குவாதச் சிகிச்சைக்கே ஆணிவேராயிற்று. பின்னால் வந்த விலையுயர்ந்த மருந்துகள், மலிவான அந்த மாத்திரைக்கு மேல் என்ன நன்மை செய்கின்றன என்பதற்கே விடை சொல்ல வேண்டியிருந்தது.

1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும், மூட்டுகளில் அழற்சியை மூட்டிவிடும் டி.என்.எஃப். என்ற புரதத்தை எதிர்க்கும் மருந்தை நோயாளிகளுக்கு முதன்முதல் செலுத்திப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக எதற்கும் அடங்காத வீக்கமும் வலியும் சில வாரங்களுக்குள் தணிந்தன. இன்ஃப்ளிக்ஸிமாப், எட்டனர்செப்ட், அடலிமுமாப் என்று அடுத்தடுத்து வந்த இம்மருந்துகள் உயிரணுக்களில் வளர்த்து எடுக்கப்படுபவை. ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு அப்போது ஏறத்தாழ 9,000 பவுண்டு செலவு வைத்தவை. பொது வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதார சேவை இவற்றைத் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை சொல்லும் பொறுப்பு, 1999இல் ஸ்தாபிக்கப்பட்ட நைஸ் என்ற அமைப்புக்கு வந்தது. மரணத்துக்குப் பூஜ்யமும் பூரண ஆரோக்கியத்துக்கு ஒன்றும் மதிப்பிட்டு, வாழ்ந்த ஆண்டுகளை அந்த மதிப்பால் பெருக்கும் முறை, யார்க் பல்கலைக்கழகத்து ஆலன் வில்லியம்ஸ் போன்ற பொருளாதார அறிஞர்களின் உழைப்பால் ஏற்கெனவே இங்கிலாந்தில் வேரூன்றியிருந்தது. ஒரு மருந்து ஒருவரின் நிலையை 0.5இலிருந்து 0.75க்கு உயர்த்தி நான்கு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தால், அது தந்த லாபம் ஒரு முழு ஆண்டு. ஆண்டுக்கு 9,000 வீதம் அந்த லாபத்தின் விலை 36,000 பவுண்டு. நைஸ் வழக்கமாக ஏற்றுக்கொண்ட வரம்போ 20,000 முதல் 30,000 வரை. அந்த வரம்புக்குப் பின்னால் இருந்த நியாயம் எளியது: இங்கே செலவாகும் பணம் வேறொரு வார்டில், நாம் முகமறியாத வேறொரு நோயாளிக்குக் கிடைக்காமற் போகிறது.

ஆனால் முடக்குவாதம் நான்கு ஆண்டுகளில் முடிகிற நோயன்று. ஒரு மருந்து சில காலம் கேட்கும், பிறகு கேளாது. வேறொன்றுக்கு மாற வேண்டும். ஆகையால் நைஸுக்காகக் கணக்கிட்ட பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கற்பனை நோயாளிகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவராகப் பிறப்பித்து, வயதும் ஊனத்தின் அளவும் கொடுத்து, மருந்து மருந்தாக மாற்றி, மரணம் வரை நடத்திச்சென்றார்கள்; புதிய மருந்து சேர்ந்த வரிசையில் ஒரு தடவை, சேராத வரிசையில் ஒரு தடவை. ஊனத்தை அளக்க, ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் 1980இல் வெளியிட்ட வினாத்தாள் பயன்பட்டது. உடுத்தல், எழுதல், உண்ணல், நடத்தல் ஆகியவற்றில் படும் சிரமத்தைக் கேட்டு, 0 முதல் 3 வரை அது மதிப்பெண் இடும்.

இந்தக் கணிதத்தின் மர்மஸ்தானம் ஓர் அனுமானத்தில் இருந்தது: புதிய மருந்து கிடைக்காதவர் ஆண்டுக்கு எவ்வளவு வேகமாக முடங்குவார்? வேகமாக முடங்குவார் என்று வைத்தால் புதிய மருந்தின் லாபம் பெருகும். மெதுவாக என்றால் சுருங்கும். மருந்துக் கம்பெனிகள் சமர்ப்பித்த கணித மாதிரிகளும் பர்மிங்ஹாம் மாதிரியும் வெகுவாக வேறுபட்டதற்கு இத்தகைய அனுமானங்களே முக்கிய காரணம். பிற்காலத்தில், நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், ஊனம் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை, போகப்போக ஏற்றம் தணிகிறது என்று காட்டியபோது, நைஸுக்காக அப்போது கணக்கிட்ட ஷெஃபீல்டு பல்கலைக்கழக நிபுணர்கள் தங்கள் மாதிரியை அதற்கேற்ப அமைத்தார்கள்.

2002இல் நைஸ் எட்டனர்செப்டையும் இன்ஃப்ளிக்ஸிமாப்பையும் அங்கீகரித்தது; ஆயினும் இரண்டு பழைய மருந்துகளாவது பலிக்காதிருக்க வேண்டும், 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்துக் கணிக்கும் நோயளவு 5.1க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. மூட்டுகள் மெல்லமெல்லத் தேய்ந்துகொண்டிருந்தாலும், அளவு 5.0 என்று வந்தவர் வாசலுக்கு வெளியே நின்றார். 2016இல் ஏழு மருந்துகளை மறுபடி ஆராய்ந்தபோதும் இப்படி நோய் நடுத்தர அளவில் இருந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

திறந்தது காப்புரிமை முடிந்த பிறகுதான். 2015இல் இன்ஃப்ளிக்ஸிமாப்புக்கும், 2018 இறுதியில் அடலிமுமாப்புக்கும் பயோசிமிலர்கள், அதாவது அசலை ஒத்த மலிவான மருந்துகள், இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தன. அடலிமுமாப்புக்காக மட்டும் ஆண்டுக்கு 400 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்துவந்த சுகாதார சேவை, அதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தியது. 2021 ஜூலையில் நடுத்தர நோயாளிகளுக்கும் அம்மருந்துகளை நைஸ் அனுமதித்தது. நோய் அதே நோய், ஊசி அதே ஊசி, வரம்பும் அதே வரம்பு. விடை மட்டும் மாறிவிட்டது. வேண்டாம் என்ற பழைய விடையில் அவர்களுடைய வலி சிறிதென்று எவரும் எழுதியிருக்கவில்லை. விலை பெரிதென்றே எழுதியிருந்தது. அதை ஒளிக்காமல் ஏட்டில் எழுதி வைத்திருந்ததனால்தான், விலை இறங்கிய நாளில் அந்த ஏட்டைப் புரட்டி, வெளியே நின்றவர்களை உள்ளே அழைக்க முடிந்தது.