கிட்டார் மிடி ஆன கதை

ஐபேடில் கிட்டாரைச் செருகினால் மிடி ரெடி. 1983-ல் மிடி வந்தபோது அது கீபோர்டுக்காரர்களின் சொத்து. கீபோர்டின் விசைக்குத் தன் சுரம் தெரியும். கம்பிக்கு அதிர்வை அளந்துதான் கண்டுபிடிக்கணும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறைதான் அதிரும், ஒரு அதிர்வுக்கே 24 மில்லிசெகண்ட்! தாமதம் அங்கேதான் ஆரம்பம்.

நம்ம மறைமலை நகரிலிருந்து ரயில் ஏறினால் சென்னை. ஜான் மெக்லாலின் 2008-ல் வெளியிட்ட 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' அங்கேதான் பதிவானது. அவர் கையில் கிட்டார் சின்தசைசர், கூடவே மாண்டலின் யு. ராஜேஷ்.

சரி, கமகம்? மிடியில் சுரம் வெறும் எண். வளைக்க 'பிட்ச் பெண்ட்' உண்டு, 16,384 படிகள். ஆனால் அது சேனல் முழுவதையும் வளைக்கும்; ஒரு கம்பியை இழுத்தால் மற்றதும் சேர்ந்து இழுபடும். அதனால்தான் கம்பிக்கொரு பிக்கப், கம்பிக்கொரு சேனல். டேப்லெட்டுக்கோ ஆறும் ஒரே வயரில் கலந்து வருகிறது, பாவம்.