தெரு விளையாட்டு

பெரியவர்களின் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் குடியிருப்புக்குமென அமைந்த நகர இடங்களில் குழந்தைகள் தாங்களே ஏற்படுத்திக்கொள்ளும் ஆட்டங்கள் தெரு விளையாட்டு எனப்படும். சந்து, திண்ணை, மாடிப்படி, மொட்டை மாடி, கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் எனக் கைக்கு எட்டிய இடமெல்லாம் இதன் களமாகும்.

இடமும் விதிகளும்

களத்துக்கு ஏற்ப ஆட்டத்தின் விதிகள் அமைகின்றன. தமிழக நகரங்களின் தெரு கிரிக்கெட்டில், சுவரில் கரிக்கட்டியால் கிழித்த மூன்று கோடுகளே ஸ்டம்பு. பந்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் நேராகப் போய் விழுந்தால் பல தெருக்களில் அவுட். ஒருமுறை தரையில் பட்டு எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட் என்று வைத்துக்கொள்வதுண்டு. ஜன்னல் கண்ணாடியும் உடையாமல், எல்லாருக்கும் பேட்டும் கிடைக்கும்படி பிள்ளைகளே பேசி வகுத்த சட்டங்கள் இவை. பாண்டி ஆட, செங்கல் துண்டால் போட்ட கட்டமும் ஓட்டுச் சில்லும் போதும். நிறுத்தி வைத்த வண்டியும் படிக்கட்டின் அடியும் கண்ணாமூச்சிக்கு மறைவிடங்கள். இப்படி ஆடியே குழந்தைகள் தங்கள் பகுதியின் வழிகளையும் மனிதர்களையும் ஆபத்துகளையும் அறிந்துகொள்கிறார்கள்.

நகரங்களின் ஏற்பாடுகள்

மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகத் தெருவில் குழந்தைகளுக்கு இடம் சுருங்கியது. நியூயார்க்கில் 1914 முதல் சில தெருக்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டிகளைத் தடுத்து, ஆட்டத்துக்கு விட்டார்கள். இதற்கான அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளிக்கும் சட்டம் பிரிட்டனில் 1938இல் வந்தது.

ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 1978 வரை 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். வீடுகளுக்கு நடுவே கிடந்த காலி மனைகளும் சிறு சதுக்கங்களும் இவற்றுக்குப் பயன்பட்டன. மணல்தொட்டி, இரும்புக் கம்பி வளைவு, தாவிச் செல்லும் கற்கள் ஆகியவையே முக்கிய அமைப்புகள். எதை எப்படி ஆடுவது என்பது குழந்தைகளின் விருப்பம். பெரும்பாலான இடங்களுக்கு வேலி கிடையாது. தெருவின் தொடர்ச்சியாகவே அவை இருந்தன. நெதர்லாந்து 1976இல், வண்டிகள் நடை வேகத்தில் மட்டுமே செல்லக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அத்தெருக்களில் குழந்தைகள் சாலையிலேயே ஆடலாம்.

உரிமை

ஐ.நா. 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992இல் இந்த உடன்படிக்கையில் இணைந்தது. தொலைவில் ஒரு பூங்கா அமைத்துவிடுவதால் மட்டும் இந்த உரிமை நிறைவேறிவிடாது. சிறு குழந்தை தனியே போய் ஆடக்கூடிய இடம் வீட்டு வாசலும் அதையொட்டிய தெருவும்தான். அவற்றைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நகர நிர்வாகத்தின் கடமை.