முன்பல் இடைவெளி: முதுமையா, நோயா?

முன்பல் இடைவெளி என்பது மேல் அல்லது கீழ்த் தாடையின் முன்பற்களுக்கு இடையே காணப்படும் சந்து ஆகும். இது இரு வகைப்படும். சிறு வயது முதலே இருப்பது ஒரு வகை. இளமையில் நெருக்கமாக இருந்த பற்கள் நாற்பது, ஐம்பது வயதில் மெல்ல விலகுவது மற்றொரு வகை. முதல் வகை பெரும்பாலும் தோற்றத்தைப் பொறுத்தது. இரண்டாவது வகையை, "வயதானால் பல் விலகத்தான் செய்யும்" என்று பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர். இந்த எண்ணம் சரியா என்பதற்கு விடை காண மருத்துவ உலகுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

பழங்காலத்தில்

ஆடும் பற்களைக் காப்பாற்றும் முயற்சி மிகப் பழமையானது. இன்றைய லெபனானில் உள்ள சிடோன் நகரில், பண்டைய பினீசியர்களின் கல்லறையிலிருந்து ஒரு கீழ்த்தாடை எலும்பு கிடைத்தது. அதன் முன்பற்கள் தங்கக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. இது ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், அடிபட்டு ஆடும் பல்லை உறுதியான பல்லோடு தங்கத்தால் கட்டலாம் என்றார். இடம் மாறி முளைக்கும் பல்லை நாள்தோறும் விரலால் தள்ளினால் அது உரிய இடத்துக்கு வரும் என்றும் எழுதினார்.

ஆயினும் பல் ஏன் ஆடுகிறது, ஏன் விலகுகிறது என்பது விளங்கவில்லை. பல் நோய்க்குப் புழுவே காரணம் என்ற நம்பிக்கை பாபிலோனியா முதல் ஐரோப்பா வரை பரவியிருந்தது. தமிழில் சொத்தைப் பல்லை இன்றும் "பூச்சிப்பல்" என்று சொல்வது இங்கு எண்ணத்தக்கது.

ஃபோஷாரும் ரிக்ஸும்

பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் பல் மருத்துவம் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் புழுக் கொள்கையை ஏற்கவில்லை. பல்லில் படியும் காரை ஈறுகளைக் கெடுக்கிறது என்று கூறி, அதைச் சுரண்டி நீக்கும் கருவிகளை விவரித்தார். வரிசை தப்பிய பற்களைச் சீராக்க, துளைகள் இட்ட உலோகப் பட்டை ஒன்றைப் பற்களோடு நூலால் கட்டும் முறையையும் அதே நூலில் விளக்கினார். இன்று "கிளிப் போடுவது" என்று சொல்லப்படும் சிகிச்சையின் முன்னோடி இதுவே.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் ஈறு நோயைத் தனியாக ஆராய்ந்தார். 1844இல் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்தபோது அவருடைய பல்லைப் பிடுங்கியவரும் இவரே. பல்லின் மேல் படியும் காரையே ஈறு நோய்க்குக் காரணம் என்று ரிக்ஸ் வலியுறுத்தினார். பின்னாளில் "பயோரியா" எனப் பெயர் பெற்ற இந்நோய் அக்காலத்தில் "ரிக்ஸ் நோய்" என்றே அழைக்கப்பட்டது.

பல் எவ்வாறு நகர்கிறது?

பல் தாடை எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. நுண்ணிய நார்கள் அதை எலும்புக் குழியில் தாங்கி நிற்கின்றன. 1904இல் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்ற சுவீடன் நாட்டவர் நாய்களிடம் செய்த சோதனைகளின் முடிவை வெளியிட்டார். பல்லைத் தள்ளினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுவிசை உள்ள பக்கத்தில் புது எலும்பு உருவாகிறது என்று அவர் காட்டினார். கம்பி சிகிச்சை பலன் தருவது இதனால்தான்.

இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. ஈறு நோயால் எலும்பு கரைந்து பிடிமானம் குறைந்த பல்லை, நாக்கும் உதடும் தரும் சிறு அழுத்தம்கூட நகர்த்திவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த விடை

நார்வேயில் பிறந்த ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் இரு நாடுகளில் நீண்ட கால ஆய்வு நடத்தினர். நார்வேயில் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஒழுங்கான பல் மருத்துவ வசதி பெற்ற மாணவர்களும் கல்வியாளர்களும் ஆவர். இலங்கையில் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆண்கள். இவர்களுக்குப் பல் மருத்துவ வசதி எதுவும் எட்டவில்லை. பல் துலக்கும் வழக்கமும் இருக்கவில்லை. 1970இல் தொடங்கிய இந்த ஆய்வின் முடிவுகள் 1986இல் வெளிவந்தன.

ஏறத்தாழ எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் முற்றவில்லை. 8 விழுக்காட்டினரிடம் அது மிக விரைவாக முற்றியது. 81 விழுக்காட்டினரிடம் மிதமாக முற்றியது. மீதி 11 விழுக்காட்டினரிடம் ஈறு வீக்கத்தைத் தாண்டிச் செல்லவே இல்லை. 35 வயதில் முதல் பிரிவினரின் பற்கள் சராசரியாக 9 மில்லிமீட்டர் அளவுக்குப் பிடிமானத்தை இழந்திருந்தன. மூன்றாம் பிரிவினரிடம் இந்த இழப்பு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. நார்வேக் குழுவினரிடம் 40 வயதை நெருங்கும்போதும் இழப்பு 1.5 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம்.

ஒரே வயதினரிடம் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், பல்லின் பிடிமானத்தைக் கெடுப்பது முதுமை அன்று, நோயே என்பது தெளிவாகிறது. உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்ற இந்த அறிவு, பல் மருத்துவரையே காணாத தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

இடைவெளி விழுவதற்கான காரணங்கள்

முதன்மையான காரணம் ஈறு நோயால் எலும்பு கரைவது. புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் இதை விரைவுபடுத்தும். அடுத்தது, கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பின் மாற்றுப் பல் வைக்காமல் விடுவது. அப்போது மெல்லும் சுமை முன்பற்கள் மேல் விழுந்து, மேல் முன்பற்கள் விசிறி போல் முன்னோக்கி விரிகின்றன. விழுங்கும்போது நாக்கால் முன்பற்களைத் தள்ளும் பழக்கமும் ஒரு காரணம். சிலருக்குப் பற்கள் நகராமலேயே, ஈறு இறங்குவதால் பற்களுக்கிடையே முக்கோணச் சந்துகள் தோன்றும்.

சிகிச்சை முறைகள்

சிகிச்சையில் வரிசை முறை முக்கியமானது. முதலில் காரையை நீக்கி ஈறு நோயைக் கட்டுப்படுத்த வேண்டும். நோய் இருக்கும்போதே கம்பி போட்டால் எலும்பு மேலும் கரையும். நோய் அடங்கிய பின், மெல்லிய விசை தரும் கம்பியாலோ அலைனராலோ பற்களைச் சேர்க்கலாம். இதற்கு வயது தடையன்று. பற்கள் மீண்டும் விலகாதிருக்க அவற்றின் உட்புறம் மெல்லிய கம்பி ஒன்றை நிலையாக ஒட்டிவைப்பது வழக்கம். சிடோன் தாடையில் கண்ட தங்கக் கம்பியின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

சிறிய சந்துகளைப் பல் நிறப் பசையான காம்போசிட்டால் அடைக்கலாம். 1955இல் மைக்கேல் புவனகோர் கண்டறிந்த, அமிலத்தால் பற்சிப்பியைச் சொரசொரப்பாக்கும் முறையே இதற்கு அடிப்படை. பீங்கான் வெனீர் ஒட்டுவதும் உண்டு. கடைவாய்ப் பற்கள் இல்லாதவர்களுக்கு அவ்விடத்தில் செயற்கைப் பல் பொருத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சிலர் இரு முன்பற்களையும் ரப்பர் பேண்டால் தாமே சுற்றி இழுக்க முயல்கின்றனர். இது பேராபத்து. பல் வேர் நோக்கிக் குறுகுவதால் ரப்பர் நழுவி ஈறுக்குள் புகுந்து, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். நல்ல பற்களையே இழக்க நேரும்.

நெடுநாள் நெருக்கமாக இருந்த முன்பற்களில் புதிதாகச் சந்து தெரிந்தால், அதை வயதின் அடையாளம் என்று விடாமல், ஈறு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று கருதிச் சோதித்துக்கொள்ள வேண்டும். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் சந்து விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.