லைஃப் கோச்சிங்

லைஃப் கோச்சிங் எனப்படும் வாழ்க்கைப் பயிற்றுவிப்பு, வேலை, உறவு, பணம், உடல்நலம் போன்றவற்றில் ஒருவர் தனக்கென வகுத்துக்கொண்ட இலக்கை எட்டுவதற்காக, கட்டணம் கொடுத்து ஒரு பயிற்றுநருடன் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து உரையாடும் முறை. உளவள ஆலோசனையிலும் இருவர் உட்கார்ந்து பேசுவதுதான் நடக்கிறது. அதனால் பலரும் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள். ஆனால் இவை தோன்றிய இடம் வேறு. எதிரில் அமர்ந்து கேட்பவர் ஏற்கும் பொறுப்பும் வேறு.

மூத்தது ஆலோசனைதான். 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கு ஏற்ற தொழிலைத் தேர்ந்தெடுக்க உதவும் பணியகம் ஒன்றை ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கினார். ஆலோசனைத் துறை தன் முன்னோடியாகக் கொண்டாடும் அவர் செய்த வேலை, இன்றைய கணக்கில் கோச்சிங்குக்கே நெருக்கமானது என்பது வேடிக்கை. ஆலோசகர் புத்திமதி சொல்பவரல்லர், குறை காணாமல் கேட்பவர் என்ற கருத்தை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். பின்னர் அத்துறை உளநல மருத்துவத்தை ஒட்டி வளர்ந்தது.

கோச்சிங் ஆடுகளத்திலிருந்து வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைவிட, ஆடுபவரின் மனத்துக்குள் ஓயாமல் குறை சொல்லும் குரலே பெரிய எதிரி என்று டென்னிஸ் பயிற்சியாளர் திமோதி கால்வே 1974இல் எழுதினார். முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர் அந்தச் சிந்தனையை பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குள் கொண்டுசென்றார். அமெரிக்காவில் நிதி ஆலோசகராக இருந்த தாமஸ் லியனார்ட் 1992இல் ‘கோச் யூ’ என்ற பயிற்சிப் பள்ளியையும், 1995இல் சர்வதேச கோச் கூட்டமைப்பையும் நிறுவினார்.

விட்மோர் பரப்பிய ‘குரோ’ முறையில் உரையாடல் நான்கு படிகளில் நகரும். வங்கி வேலையை விட்டுவிட்டு உணவகம் தொடங்க நினைக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் எங்கே நிற்க விரும்புகிறீர்கள் என்று கோச் கேட்பார். கையில் எவ்வளவு சேமிப்பு, வீட்டுக்கடன் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. வேலையை விடாமலே சிறிதாகத் தொடங்க வழி உண்டா என்பது மூன்றாவது. கடைசியில், வியாழக்கிழமைக்குள் எந்தக் கடைக்காரரிடம் வாடகை விசாரிப்பீர்கள் என்பதில் வந்து நிற்கும். உணவகம் வைக்கலாமா, கூடாதா என்று கோச் சொல்ல மாட்டார். சொன்னால் அது தொழில் ஆலோசனை.

அதே மனிதர் அடுத்த சந்திப்பில், “மூணு மாசமா ராத்திரி தூக்கமே இல்லைங்க, காலையில எழுந்திருக்கவே மனசு வரல” என்கிறார். ஆலோசகர் இங்கே இலக்கை ஒதுக்கி வைத்துவிடுவார். பசி எப்படி, எடை குறைந்ததா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்பார். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். கோச் செய்ய வேண்டியது, அது தன் எல்லைக்குள் இல்லை என்று சொல்லி உரியவரிடம் அனுப்பிவைப்பது. மனச்சோர்வைச் சோம்பல் என்று எண்ணி இன்னும் கடுமையான இலக்கு கொடுப்பதுதான் இத்தொழிலில் நேரும் மோசமான பிழை.

ஆலோசனை கடந்த காலத்தைக் கிளறும், கோச்சிங் எதிர்காலத்தைப் பார்க்கும் என்பது விளம்பரங்களில் வழக்கமாக வரும் விளக்கம். அது பாதிதான் சரி. ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல்சார் சிகிச்சை பெரிதும் இன்றைய எண்ணங்களைப் பற்றியது. மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்த தீர்வுநோக்குச் சிகிச்சையோ, பிரச்சினை தீர்ந்த பிறகு விடியும் காலை எப்படி இருக்கும் என்று கேட்கிறது. எந்தக் கோச்சும் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

உண்மையான வேறுபாட்டைத் தகுதியிலும் சட்டத்திலும்தான் பார்க்க முடியும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர்களுக்கு இத்தகைய கட்டாயப் பதிவு நெடுங்காலம் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டம் அவர்களில் சில வகையினரைத் தன் பட்டியலில் சேர்த்தது. கோச்சுகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் சான்றிதழ், விரும்பியவர் பெறுவது. அதன் முதல் நிலைக்கு 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேர அனுபவமும் வேண்டும். உச்ச நிலைக்கு அனுபவம் மட்டுமே 2,500 மணிநேரம். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஆனால் விசிட்டிங் கார்டில் ‘சர்டிஃபைடு’ என்ற ஒரே சொல்தான் இருக்கும்.

ரகசியம் காப்பதிலும் இதே நிலைதான். மனநல சிகிச்சை பெறுபவரின் தகவல்களுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. கோச்சிடம் சொன்னதற்குக் காவல், பெரும்பாலும் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். கட்டணத்தை நிறுவனம் கட்டும்போது மேலதிகாரிக்கு என்ன போகும், என்ன போகாது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரே காலத்தில் இருவரிடமும் போவதில் தவறில்லை, பலர் போகிறார்கள். தூக்கமின்மை, தொடர்ந்த அழுகை, போதைப் பழக்கம், சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் ஆலோசகரோ மருத்துவரோதான். 2022இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.