சாலை அமைத்த துறவியின் ஊர்



ஸ்பெயின் தேசத்தின் வடபகுதியில், பிரனீஸ் மலைகளின் அடிவாரத்திலிருந்து மேற்கே சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரம் வரை, சுமார் 780 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு யாத்திரைப் பாதை செல்கிறது. ஏரோதின் பட்டயத்தால் மரித்த அப்போஸ்தலனாகிய யாக்கோபின் கல்லறை அந்நகரில் இருக்கிறது என்னும் நம்பிக்கை 9ஆம் நூற்றாண்டில் எழுந்தது. யாக்கோபு ஸ்பெயினுக்குச் சென்றதாக வேதம் கூறவில்லை. ஆயினும் அந்த நம்பிக்கையோடு ஆயிரம் ஆண்டுகளாக ஐரோப்பாவின் பல தேசத்தார் அந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள், இன்றும் நடக்கிறார்கள்.

அப்பாதையில், லா ரியோகா மாநிலத்தில், சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்னும் சிற்றூர் உள்ளது. ‘கல்சாதா’ என்றால் கல் பாவிய சாலை என்று பொருள். ஊருக்குப் பெயர் தந்தவர் அரசரல்லர், படைத்தலைவருமல்லர். சாலை அமைத்த ஒரு துறவி.

தொமிங்கோ ஏறக்குறைய 1019ஆம் ஆண்டில், அருகிலிருந்த விலோரியா என்னும் கிராமத்தில் பிறந்தார். இளமையில் துறவு பூண விரும்பி, வல்வனேரா மடத்தின் வாசலில் நின்றார், ஏற்றுக்கொள்ளப்படவில்லை. சான் மில்யான் மடத்திற்குச் சென்றார். அங்கேயும் கதவு திறக்கவில்லை. அவருடைய கல்வி போதாது என்று மறுத்தார்கள் என்பது மரபுச் செய்தி. பிறகு அவர் ஓகா ஆற்றங்கரைக் காட்டில் தனித்து வாழத் தொடங்கினார்.

அக்காட்டின் வழியாக யாத்திரிகர் போனார்கள். பாலமில்லாத ஆறு, அடர்ந்த காடு, சேற்று நிலம், கள்வர் பயம் ஆகியவற்றின் நடுவே அவர்கள் படும் துன்பத்தைத் தொமிங்கோ கண்டார். அவர் ஒரு புதிய துறவு மடத்தைத் தேடிப் போகவில்லை. அரிவாளையும் மண்வெட்டியையும் எடுத்தார். காட்டை வெட்டி, நாகேராவுக்கும் ரெதெசில்யாவுக்கும் இடையே யாத்திரிகருக்குச் சாலை அமைத்தார். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். களைத்தோரும் நோயுற்றோரும் தங்க ஒரு விடுதி மருத்துவமனையை ஏற்படுத்தினார். 1076இல் இப்பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த அரசர் ஆறாம் அல்போன்சோ அப்பணிக்குத் துணைநின்றார். 1109ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், ஏறக்குறைய 90 வயதில், தொமிங்கோ மரித்தார். அவருடைய சீடராகிய ஹுவான் தெ ஒர்த்தேகா அதே பணியைத் தொடர்ந்து, ஓகா மலைப்பகுதியில் யாத்திரிகருக்குப் புகலிடம் அமைத்தார்.

சாலையும் விடுதியும் இருந்த இடத்தில் மக்கள் குடியேறினர், ஊர் உண்டாயிற்று. அவர் அடக்கம்பண்ணப்பட்ட ஆலயம் பிற்காலத்தில் பேராலயமாயிற்று. அதன் மணிக்கோபுரம், ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்தில், ஆலயத்தோடு ஒட்டாமல் எதிரே தனியே நிற்கிறது. பழைய விடுதி இன்று தங்கும் ஹோட்டலாக இருக்கிறது. ஸ்பெயினின் சாலைப் பொறியாளர்கள் தொமிங்கோவைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள்.

பேராலயத்தின் உள்ளே, சுவரில் அமைந்த ஒரு கூண்டில், உயிருள்ள ஒரு சேவலும் ஒரு கோழியும் வளர்க்கப்படுகின்றன. பெற்றோருடன் வந்த ஓர் அந்நிய வாலிபன் பொய்யாகத் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான், ஆனாலும் அவன் உயிரோடிருந்தான், அதைக் கேட்ட நீதிபதி, “என் தட்டிலுள்ள பொரித்த கோழிக்கும் உயிர் உண்டோ?” என்று ஏளனம் செய்ய, அக்கோழி எழுந்து கூவியது என்பது கதை. இதை வரலாறாக நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வழிப்போக்கனாகிய அந்நியன்மேல் எவரும் எளிதாகப் பழி சுமத்தலாம் என்ற உண்மை அக்கதைக்குள் இருக்கிறது. வழிப்போக்கருக்குக் கதவைத் திறந்து வைத்தவரின் ஊரில் அந்தக் கதை நிலைத்தது பொருத்தமே.

பிரியமானவர்களே, இவ்வரலாறு இரண்டு விதமான பேரிடம் பேசுகிறது. முதலாவது, “நீ தகுதியற்றவன்” என்று ஒருமுறையேனும் கேட்டவர்களிடம். மனிதர் மூடிய கதவு தேவன் மூடிய கதவு என்று நினைக்கவேண்டாம். தொமிங்கோவை அழைத்த இடம் மடத்தின் மதிலுக்குள் இல்லை. யாத்திரிகர் வழுக்கி விழுந்த சேற்றில் இருந்தது. நம்முடைய சபையில் ஆராதனைக்கு முன்பே வந்து பாய் விரிக்கிறவர்களும், முதியோரைக் கைப்பிடித்து அழைத்து வருகிறவர்களும், மருத்துவமனையில் இரவு கண்விழித்து உடனிருக்கிறவர்களும் பாதையைச் செவ்வைப்படுத்துகிறவர்களே. ஏசாயா 62ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம் ஜனத்திற்காகக் கற்களை அகற்றி வழியை உயர்த்தச் சொன்னபோது, அந்த வேலையைத் தாழ்ந்ததாக எண்ணவில்லை.

இரண்டாவது, வாசலில் நிற்கிற நம்மிடம். அந்த மடங்களில் ஜெபமும் வேதவாசிப்பும் இருந்தன. ஆனாலும் தேவன் பயன்படுத்தப்போகும் மனிதன் வாசலில் நின்றபோது அவர்கள் அவனை அறியவில்லை. படிப்பையும் பேச்சுத்திறனையும் குடும்பப் பெயரையும் பார்த்து நாம் யாரைத் திருப்பி அனுப்புகிறோம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெடுந்தூரம் நடப்பதாலோ பாலம் கட்டுவதாலோ ஒருவரும் இரட்சிப்பைச் சம்பாதிப்பதில்லை. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், நற்கிரியைகளைச் செய்வதற்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம். எபேசியர் 2ஆம் அதிகாரம் இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. இயேசு கிறிஸ்துவே பிதாவினிடத்திற்குச் செல்லும் வழி. அந்த வழியில் வருகிற பிறனுடைய காலில் கல் இடறாதபடி பார்ப்பது நம் வேலை.

இந்த வாரம், உங்கள் தெருவிலோ வீட்டிலோ ஒருவருடைய பாதையில் கிடக்கும் ஒரு கல்லையாவது அகற்றுங்கள். அது மனத்தாங்கலாக இருக்கலாம். கட்டப்படாத பள்ளிக்கட்டணமாகவும் இருக்கலாம்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.