தொழிற்சங்க உறுப்புரிமையும் சந்தாவும்: இலங்கைச் சட்டம்

இலங்கையில் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால்தான் வேலை என்று ஒரு முதலாளி சொல்ல முடியாது. சேர்ந்தால் வேலை இல்லை என்றும் சொல்ல முடியாது.

சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ளது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி, பதிவு கோர ஏழு பேர் போதும். ஆனால் கட்டாயத்தை நேரடியாகத் தடுத்தது, 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த 56ஆம் இலக்கத் திருத்தம்தான். சேரச் சொல்வது, விலகச் சொல்வது, விலகாதே என்பது ஆகிய எதையும் வேலைக்கான நிபந்தனையாக வைத்தால், அது நியாயமற்ற தொழில் நடைமுறை.

சிக்கல் சந்தாவில்தான். கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால், அதில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, அத்தொழிலில் அதே முதலாளியின் கீழ் உள்ள மற்றவர்களுக்கும் அதற்குக் குறையாத சலுகைகள் கிடைக்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம். சந்தா கட்டாதவரும் பலன் பெறுவார். சங்கக்காரர்களுக்கு இது பழைய எரிச்சல்.

அமெரிக்காவில் இதே எரிச்சல் மாநில அரசியலானது. உறுப்பினர் அல்லாதவரிடமும் கட்டணம் வாங்கும் ஒப்பந்தங்களைத் தடைசெய்ய 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. மிச்சிகன் 2012இல் அத்தகைய தடைச் சட்டம் இயற்றி, 2023இல் அதை நீக்கியது. அரசு ஊழியர் விடயத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு ஜேனஸ் தீர்ப்பு நாடு முழுவதும் கட்டாயக் கட்டணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இலங்கை வேறு வழி எடுத்தது. தொழிலாளரில் 40 வீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்கக் கூடாது. ஆகவே சங்கம் ஆட்களைத் தானே திரட்ட வேண்டும். மலையகத் தோட்டங்களில் சந்தாவைச் சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் இதனாலேயே முக்கியமானது: சந்தாப் பட்டியல்தான் சங்கத்தின் பலம்.

ஆனால் திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள மீனவக் கிராமமான சல்லியில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. துறைமுக ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் உண்டு, அதில் சந்தாவைக் கழிக்கலாம். கரைவலை இழுப்பவருக்குக் கிடைப்பது மீனின் பங்கு. கடலோரத்தில் சங்கம் என்றால் பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கம்தான். அது கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருவது, தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் அல்ல. முதலாளியும் சம்பளமும் இருக்கும் இடத்துக்கே 1999ஆம் ஆண்டின் பாதுகாப்பு செல்லும். பங்குக்கு உழைப்பவரை அது எட்டுவது அரிது.